வசதியா இரிக்கீங்களா, சேர்?

ஆட்டோவைக் கிளப்புவதற்கு முன் அவர் தலைக்கு மேலே இருக்கும் சிறிய கண்ணாடியைப் பார்ப்பார். பின்னால் ஏறியிருப்பவர் எப்படி இருக்கிறார் என்று அதில் தெரியும். பிறகு ஒரே கேள்வி:

"வசதியா இரிக்கீங்களா?"

வாயால் ஓம் என்று சொன்னால் போதாது. கண்ணாடியில் தெரியும் முகமும் அதையே சொல்ல வேண்டும். இல்லையென்றால் இறங்கி வருவார். பையை வாங்கி ஓரமாக வைப்பார், வெயில் அடிக்கும் பக்கத்துத் திரையை இறக்கிவிடுவார், குழந்தை இருந்தால் அதன் தலை எந்தப் பக்கம் என்று பார்ப்பார். அவசரக்காரர்களுக்கு எரிச்சல் வரும். "நானா, எடுங்களேன், பஸ் போகப்போகுது" என்பார்கள். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் நானா என்றுதான் அழைப்போம். "நீங்க சரியா இரிங்க, பஸ்ஸ நான் பிடிச்சித் தாறன்" என்பார். அநேகமாகப் பிடித்தும் கொடுப்பார்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்னர் ஒருநாள் அவருடைய ஆட்டோவில் ஓர் ஆட்டைக் கண்டேன். முகம் முன்பக்கம் பார்த்தபடி, கால்களுக்குக் கீழே சாக்கு விரித்து, ஒரு பெரியமனிதரைப் போல நின்றுகொண்டு போனது. ஏன் அப்படி நிறுத்தினீர்கள் என்று பிறகு கேட்டேன்.

"பின்னுக்குப் பாத்துப் போனா அதுக்குத் தலை சுத்தும் சேர். நாளைக்கு அறுக்கப்போற ஆடுதான். அதுக்காக இண்டைக்கே அத வருத்தணுமா?"

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. என் போனில் அவர் 'ஆட்டோ காத்தான்குடி' என்றுதான் இருந்தார். அவருடைய போனில் நான் 'நாய் சேர்' என்று இருந்ததைப் பின்னாளில் கண்டேன். ஆகவே இருவருக்கும் குறையில்லை.

நாய் என்னுடையதல்ல, என் மனைவியுடையது. பிரவுணி என்று பெயர். ஊர் நாய்தான், ஆனால் கால் குட்டை, காது பெரிது. எந்த வீட்டுச் சீமை நாயோ எங்கள் கல்லடி ஒழுங்கைக்குள் ஒருநாள் வந்துபோயிருக்க வேண்டும் என்று மனைவி சொல்லிச் சிரிப்பாள். அவள் போன பிறகு அந்த வீட்டில் நானும் பிரவுணியும்தான். அதற்குக் காதில் சீழ் வரும் வியாதி. மாதத்தில் இரண்டு மூன்று தடவை பாலம் தாண்டி, நகரத்தில் இருந்த மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். வாகனத்தில் ஏற்றினால் வாயால் வழியும், நடுங்கும், சத்தியெடுக்கும். ஆகவே நடத்தியே கொண்டுபோனேன்.

கல்லடிப் பாலத்தின் நடுவில், பத்து மணி வெயிலில், தார் சுட்டு அது படுத்துவிட்ட நாளில்தான் அவர் ஆட்டோவை ஓரங்கட்டினார்.

"என்ன சேர் இது? காலப் பாருங்க, வெந்து போயிரிக்கும். தூக்குங்க. ஏத்துங்க."

நான் தயங்கினேன். "தம்பி, நீங்க... நாய்..."

"நாயத் தொடுறல்லதான் நாங்க. அதுக்காக நாய வெயில்ல விட்டுட்டுப் போகச் சொல்லியா இரிக்கி? நான் தொடல்ல, நீங்க தூக்குங்க. மறுகா வண்டியக் கழுவினாச் சரி."

அவருக்கு நாய்களைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்திருந்தது. பதினொரு வருடம் வளைகுடா நாடொன்றில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்துக்குக் கார் ஓட்டியவர். அந்த வீட்டு நாய்க்கு இருந்த பயணங்கள் அங்கே வேலை செய்த மனிதருக்கு இருக்கவில்லை என்பார். நாயும் அவருக்கு ஒரு ஹயர், ஒரு சவாரிதான். "அது வாய் பேசாத ஹயர் சேர். நிப்பாட்டுங்கண்டு சொல்லாது. நாமதான் பாத்து அறியணும்."

அடுத்த கிழமையே பிரவுணிக்குப் பாடம் தொடங்கினார். முதல் நாள் வண்டி ஓடாது. எங்கள் வாசலில் நிற்கும். நாய் ஏறும், இறங்கும், அவ்வளவுதான். இரண்டாம் நாள் இஞ்சினை மட்டும் இயக்கினார். நாய் குதித்து இறங்கி மதிலோரம் போய் நின்றது. "ஓடட்டும், திரும்பி வரும். நீங்க கூப்பிடாதீங்க. நீங்க கூப்பிட்டா அது உங்களுக்காக வரும், வண்டிக்காக வராது" என்றார். மூன்றாம் நாள் ஒழுங்கை முனை மட்டும். எதிர்வீட்டுப் பெண் கேற்றில் சாய்ந்து நின்று கேட்டாள்:

"ஐயா, நாய்க்கு லைசென்ஸ் எடுக்கப் போறீங்களா?"

"ஓம் பிள்ள," என்றார் அவர், நான் வாய் திறக்குமுன். "எழுத்துப் பரீட்சை பாஸ். இனி ஓட்டம்தான் பாக்கி."

அவர் வைத்த விதிகள் இன்னும் எனக்கு மனப்பாடம். புறப்படுவதற்கு நாலு மணித்தியாலத்துக்கு முன் சாப்பாட்டை நிறுத்த வேண்டும், தண்ணீரை நிறுத்தக்கூடாது. பின் சீற்றுக்கும் முன் சீற்றுக்கும் நடுவே பலகை வைத்து, அதன்மேல் றெக்சின் விரித்து, அதற்கும் மேலே வீட்டு வாசம் உள்ள ஒரு துணி. நான் மனைவியின் பழைய நூல்சேலையை மடித்துப் போட்டேன். நாய் முன்னுக்குப் பார்த்துத்தான் படுக்க வேண்டும். காற்று மூக்கில் படலாம், கண்ணில் படக்கூடாது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மரநிழலில் நிறுத்த வேண்டும். நிறுத்தினால் நாயைத் தனியே விட்டுத் தேநீர் குடிக்கப் போகக்கூடாது. ஒருவர் குடிக்கும்போது மற்றவர் நாயோடு. அவருடைய முறை வரும்போது நாலடி தள்ளி நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "பிரவுணி, உங்கட சேர் இப்ப வருவார்" என்று மரியாதையாகச் சொல்லிக்கொண்டிருப்பார்.

ஆறாவது பயணத்தில் பிரவுணி நித்திரை கொண்டது. கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டு அவர் என்னிடம் சொன்னார்: "அது வசதியாத்தான் இரிக்கி. நீங்கதான் இல்ல."

உண்மை. நான் எப்போதும் சீற்றின் நுனியில்தான் இருப்பேன். முதுகைச் சாய்ப்பதில்லை.

"ஏன் சேர் இறங்கப்போற ஆள் மாதிரி இரிக்கீங்க? முழுச் சீற்றும் உங்களுக்குத்தான்."

"பழக்கம் தம்பி" என்பேன். அது பொய்.

ஒவ்வொரு பயணம் முடிந்ததும் அவர் ஆட்டோவைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கழுவுவார். ஒருநாள் அவர் வீட்டில் இருக்க நேர்ந்தபோது அதைப் பார்த்தேன். பலகையையும் றெக்சினையும் வெளியே எடுத்துச் சாய்த்து வைத்தார். முதல் வாளியில் மண் கரைத்த தண்ணீர். அந்த மண்ணை அவரே அரித்து ஒரு பழைய பால்மா ரின்னில் வைத்திருந்தார். பிறகு ஆறு வாளி நல்ல தண்ணீர். "ரெண்டு... மூணு..." என்று வாய்விட்டு எண்ணினார். சலிப்போ சடங்குப் பெருமையோ அவர் முகத்தில் இல்லை. குழந்தை அசுத்தம் பண்ணிய பாயைத் தாய் அலசுவதுபோலச் செய்தார். ஏழாவது வாளியை ஊற்றிவிட்டு, "முடிஞ்சி. பிளேன்ரீ குடிப்பம் சேர்" என்றார்.

அந்தத் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினேன். காரணத்தை இப்போது எழுதுகிறேன்.

நான் முப்பத்தொரு வருடம் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன். பிறருடைய ஒப்புதல்களை ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு மாற்றிக் கொடுப்பது என் தொழில். ஒரு சொல் கூட்டினதும் இல்லை, குறைத்ததும் இல்லை. என் சொந்த ஒப்புதலை மட்டும் நாலு வருடம் எந்த மொழியிலும் சொல்லவில்லை.

பாலத்தில் அவர் என்னை ஏற்றிய நாளுக்கும் ஐந்து மாதம் முன்னர் நடந்தது இது. மனைவி இறந்து மூன்று கிழமை. பிரவுணி தலையை ஒரு பக்கம் சரித்துக்கொண்டு இரவெல்லாம் முனகியது. காலையில் இரண்டு ஆட்டோக்காரருக்கு போன் பண்ணினேன். இருவரும் எங்கள் ஆட்கள்தான். நாய் என்றதும், "ஹயர் இருக்கு ஐயா" என்று வைத்துவிட்டார்கள். மூன்றாவதாக வீதியில் வந்தவர் அவர். அன்றுவரை அவரை எனக்குத் தெரியாது. தொப்பியைப் பார்த்தேன். இவரும் மாட்டார் என்று முடிவு செய்தேன். நிற்கச் சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய், மனைவி சந்தைக்குக் கொண்டுபோகும் மூடி போட்ட பிரம்புக் கூடைக்குள் நாயை இருத்தி, மேலே வெள்ளைத் துணி கட்டி எடுத்து வந்தேன். நோயும் பயமும் சேர்ந்து அது மூச்சுக்கூட விடவில்லை.

"கூடைக்குள்ள என்ன சேர்?"

"சாமி சாமான் தம்பி. கோயிலுக்குக் கொண்டுபோறன்."

இந்தப் பொய்யை நான் யோசித்துத்தான் சொன்னேன். கோயில் பொருள் என்றால் அவர் தொடமாட்டார், திறந்து பார்க்கமாட்டார் என்பது என் கெட்டித்தனம். கூடையைக் காலடியில் வைக்கப் போனேன்.

"ஐயையோ, அதுக்குள்ள வைக்காதீங்க! சாமி சாமானக் காலடியில வைக்கிறா?" என்று அவர் பதறினார். "சீற்றுக்குப் பின்னால தட்டு இரிக்கி. அதுல வைங்க. என்ட வண்டியில அதுதான் சுத்தமான இடம்."

அந்தத் தட்டில் ஒரு தொழுகை விரிப்பு மடித்து வைத்திருந்தது. முஸல்லா என்பார்கள். பச்சை நிறம். தொலைவான ஹயர் போனால் வழியில் தொழுவதற்காக அவர் வைத்திருந்தது. கூடையை அதன் மேல்தான் வைக்க முடிந்தது. வைத்தேன். பாலத்தில் ஏறும்போது பிரவுணிக்கு வாயால் வழியத் தொடங்கியது. பிரம்பின் இடைவெளியால் ஒழுகி அந்தப் பச்சை விரிப்பில் ஊறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் கைக்குட்டையால் துடைத்தேன். ஈரப் பக்கம் தெரியாமல் விரிப்பைத் திருப்பி மடித்தேன். கோயிலடியில் இறங்கி, ஆட்டோ கண்ணுக்கு மறையும்வரை பக்தன்போல நின்றேன். பிறகு கூடையோடு மிருக வைத்தியரிடம் நடந்தேன்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது. முஸ்லிம் பையன்களோடு ஒரே வாங்கில் படித்தவன் நான். நாயின் எச்சில் பட்டால் அவர்களுக்கு அது அசுத்தம், ஏழு தரம் கழுவ வேண்டும், கழுவாததன் மேல் நின்று தொழுதால் அந்தத் தொழுகை சேராது என்பதெல்லாம் எனக்குத் தெரியும்.

இரண்டு கிழமை கழித்து மறுபடி அவருடைய ஆட்டோவில் ஏற நேர்ந்தது. தனியாகத்தான் போனேன். பின் தட்டில் விரிப்பைக் காணவில்லை. நான் கேட்காமலே அவர் சிரித்துக்கொண்டு சொன்னார்.

"சேர், அண்டைக்கு உங்களக் கோயிலடியில விட்டுட்டுப் போனன், பின்னேரம் மண்டூருக்கு ஒரு ஹயர். வாவி கடக்கிற பாதையில திரும்பி வரக்குள்ள காத்து என்ட முஸல்லாவத் தூக்கிட்டுது. வாவிக்குள்ள போய்ட்டு! மீனெல்லாம் இப்ப தொழுதுக்கிட்டு இரிக்கும்."

நானும் சிரித்தேன். என் மனம் அந்த நேரம் சொன்னதை மறைக்காமல் எழுதுகிறேன்: சான்றுப்பொருள் தண்ணீரில் போய்விட்டது, இனி யாருக்கும் தெரியாது.

ஆனால் அவர் பாலத்தில் நிறுத்தி நாயை ஏற்றிய நாள் முதல் அந்த நிம்மதி போய்விட்டது. ஒவ்வொரு தடவையும் ஏழு வாளித் தண்ணீர். ஒவ்வொரு தடவையும் என் முதுகுக்குப் பின்னால் அந்தத் தட்டு. நான் எப்படிச் சாய்ந்து இருப்பேன்?

சொல்ல நினைத்த நாட்கள் உண்டு. சொன்னால் ஏற்றமாட்டார், நாயின் காது என்னவாகும் என்று ஒருநாள். இப்போது சொல்லி அவரை வருத்துவானேன் என்று இன்னொரு நாள். கோழைக்குக் காரணம் தேடித் தர அறிவு இருக்கிறதே, அதைப்போல ஊழியம் செய்யும் வேலைக்காரன் கிடையாது.

போன வருடம் எனக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை. கொழும்பில் மகனோடு ஒரு மாதம் நிற்க வேண்டும். பிரவுணியை மண்டூரில் இருக்கும் மனைவியின் தங்கையிடம் விடுவதென்று முடிவாகியது. அவ்வளவு தூரம் அது ஒருநாளும் போனதில்லை. அவர் இரண்டு நாளுக்கு முன்பே வந்து திட்டம் போட்டார். விடிய ஆறு மணிக்கு வெளிக்கிட்டால் வெயிலுக்கு முன் குருமண்வெளித் துறைக்குப் போகலாம். செட்டிபாளையத்தில் ஒரு தரிப்பு, களுதாவளையில் ஒரு தரிப்பு. பாதையில் ஏறுமுன் நாய்க்குத் தண்ணீர் காட்ட வேண்டும், குடிக்காவிட்டால் மூக்கை நனைக்க வேண்டும்.

எல்லாம் சொன்னபடி நடந்தது. இஞ்சின் படகோடு ஓடும் அகலமான அந்த மிதவையைத்தான் எங்கள் பக்கம் பாதை என்போம். மோட்டார் சைக்கிள்கள், பள்ளிக்கூடம் போகும் இரண்டு ஆசிரியைகள், நாங்கள். பிரவுணி சேலைமேல் படுத்துத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தது. பயமே இல்லை. நடு வாவிக்கு வந்ததும் அவர் கையை நீட்டினார்.

"இதுலதான் சேர், என்ட பழைய முஸல்லா போனது. பின்னேரம் அசர் குருமண்வெளிக் கரையில தொழுதன், பொழுதுபட்டு மஃரிபு மண்டூர்க் கரையில. மடிச்சி வண்டிக்கு மேல வெச்சன். உம்மா தந்தது அது. ஹஜ்ஜுக்குப் போனவ கொண்டந்து தந்தவ."

உம்மா, அவருடைய தாய், தந்தது என்று அதுவரை அவர் சொன்னதில்லை.

நான் சொன்னேன். கூடை, சாமி சாமான், எச்சில், கைக்குட்டை, திருப்பி மடித்தது. ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. இஞ்சின் சத்தத்தில் அவருக்கு மட்டும்தான் கேட்டது.

அவர் என்னைப் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்தார். பாதை கரையில் முட்டியதும் வண்டியைக் கிளப்பினார். மண்டூரில் வீட்டு வாசலில் நிறுத்தினார். நான் நாயை இறக்கினேன். கூடவே உள்ளே வந்து நாய்க்கு இடம் பார்த்துச் சொல்வார் என்று நினைத்திருந்தேன். "கொஞ்சம் இரிங்க, வாறன்" என்று மட்டும் சொல்லி ஆட்டோவைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். கண்ணாடியைப் பார்க்கவில்லை.

"ஏன் அத்தான், அவர் ஒரு வாய் தண்ணியும் குடிக்காமப் போறார்?" என்று மனைவியின் தங்கை கேட்டாள்.

"வருவார்" என்றேன். எனக்கு நம்பிக்கை இருக்கவில்லை. பஸ்ஸில் போவதென்று மனதுக்குள் முடிவு செய்தேன். பிரவுணி கேற்றடியில் போய் அவர் போன திசையைப் பார்த்து இருந்துவிட்டது.

ஒரு மணித்தியாலம் கழித்து ஆட்டோச் சத்தம் கேட்டது. நாய்தான் முதலில் எழும்பியது. அவர் முகமும் கையும் கழுவியிருந்தார். நெற்றியில் மணல் ஒட்டியிருந்தது.

"மௌலவி ஒருத்தருக்கு போன் எடுத்துக் கேட்டன் சேர். எத்தின நாள் அந்த முஸல்லாவுல தொழுதீங்கண்டு கேட்டாரு. அண்டைக்கே வாவியில போய்ட்டுண்டு சொன்னன். காய்ஞ்சதுல இரிந்து காய்ஞ்சதுக்கு அசுத்தம் ஒட்டாதாம், என்ட உடுப்புக்கும் வண்டிக்கும் ஒண்டுமில்லயாம். அப்ப ரெண்டே ரெண்டு வக்துத் தொழுகைதான். அசரும் மஃரிபும். துறையடியில அத திரும்பத் தொழுது களாச் செஞ்சிட்டு வாறன்."

"தம்பி, நான்..."

"தொழுறதுக்கு இருவது நிமிசம் போகல்ல சேர். நான் இருவது நிமிசத்துல இறக்கி வெச்சத நீங்க நாலு வருசமாத் தூக்கிக்கிட்டுத் திரிஞ்சிரிக்கீங்க."

நான் தலையைக் குனிந்தேன். அவர், என் மனைவியின் தங்கையிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தார். செம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வேறொரு குரலில் சொன்னார்:

"ஒண்டு மட்டும் சேர். எச்சில் கழுவினாப் போகும். என்ட்ட ஒரு வார்த்த கேக்காம, இவன் மாட்டான்ண்டு முடிவு கட்டினீங்களே. அண்டைக்குக் கேட்டிரிந்தாலும் நான் ஏத்தித்தான் இரிப்பன். முஸல்லாவ எடுத்து முன்னுக்கு வெச்சிட்டு ஏத்திரிப்பன். உம்மாட முஸல்லாவும் ஊத்தையாகி இரிக்காது."

"ஓம் தம்பி. அதுதான் என் பிழை."

"சரி. சொல்லிட்டீங்க, முடிஞ்சி." பிறகு கேற்றடியில் பார்த்து: "பிரவுணிக்கு இந்த இடம் சரிவராது. மத்தியானம் வெயில் விழும். அந்த மாமரத்துக்குக் கீழ கட்டச் சொல்லுங்க."

திரும்பும்போது பலகையும் சேலையும் வெறுமையாகக் கிடந்தன. துறையைக் கடந்து, பெரிய வீதியில் ஏறுமுன் அவர் நிறுத்தினார். கண்ணாடியைப் பார்த்தார்.

"வசதியா இரிக்கீங்களா, சேர்?"

நான் பின்னுக்கு நகர்ந்தேன். முதுகு சீற்றில் பட்டது. அந்தச் சீற்று இவ்வளவு மென்மையானது என்று எனக்கு அதுவரை தெரியாது. களுதாவளைச் சந்தி கண்ணில் பட்டது நினைவிருக்கிறது. அதன் பிறகு எதுவும் நினைவில்லை.

"சேர்... சேர், கல்லடி."

விழித்தபோது என் வீட்டு வாசல். வெயில் பக்கத்துத் திரை இறக்கிக் கட்டியிருந்தது. என் தலை சரியாமல், பிரவுணியின் சேலையை யாரோ மடித்துக் கழுத்தடியில் வைத்திருந்தார்கள். யாரோ என்ன, அவர்தான். நாய் படுத்த சேலை. அவர் அதைத் தன் கையால் எடுத்திருக்கிறார்.

"காத்தான்குடியில வீட்டடியால வரக்குள்ள கை கழுவிட்டுத்தான் வந்த" என்றார், நான் பார்த்ததைப் பார்த்துவிட்டு. "ஏழு தரம். ஆரையம்பதியில இரிந்து உங்கட குறட்டையில இஞ்சின் சத்தமே கேக்கல்ல. எழும்புங்க சேர், எனக்கு லுஹர் தொழுகைக்குப் போகணும்."